கூடை போடாதவளின் கணக்கு

மகளே,

உன் கடிதம் வந்தது. அடித்தல் திருத்தல் இல்லாத எழுத்து. வேளா வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக உறங்குகிறவள் எழுத்து. ஆகவே சுகம் விசாரிக்கும் வேலையை உன் அப்பாவிடம் விட்டுவிட்டேன். அவர் தனியாக ஒரு தபால் அட்டை எழுதுவார். நான் நேராகச் சண்டைக்கு வருகிறேன்.

மாநிலப் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு ஆள் சேர்க்கிறார்கள், திருவனந்தபுரத்தில் பயிற்சி முகாமுக்கு வரச் சொல்லி உனக்கு அழைப்பு வந்திருக்கிறது, நீ போகப்போவதில்லை. இவ்வளவும் முதல் பக்கத்தில். இரண்டாம் பக்கத்தில் காரணம்: "பெயர் மாறி வந்திருக்கும் அம்மா. பள்ளியிலும் கல்லூரியிலுமாக ஐந்து வருஷம் ஆடி மொத்தம் பதினோரு கூடை போட்டவளை யார் கூப்பிடுவார்கள்? செல்லம்மை சித்தி ஒரே ஆட்டத்தில் எட்டு போட்டவர்கள். மாமா சொல்வது சரிதான், அந்தக் காலத்து ஆட்டம் எங்களுக்கெல்லாம் வராது." இதைப் படித்துவிட்டு அடுக்களைக்குப் போனவள் குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். உன் அப்பா மோரை ஊற்றிக் கலந்து சாப்பிட்டு எழுந்தார். மாமியார் தடுத்தார், புருஷன் தடுத்தான் என்றால் அது வேறு பேச்சு. மாப்பிள்ளையோ "அவ இஷ்டம் அத்தை, நானே கொண்டுபோய் விடுகேன்" என்று தனியாக எழுதியிருக்கிறார். ஆக, உன்னைத் தடுப்பது நீதான். உன்னோடுதான் நான் மல்லுக்கு நிற்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. வருகிற நவம்பரில் நம் தாலுகாக்கள் மதராஸ் ராஜ்யத்தோடு சேருகின்றன. நாம் ஆசைப்பட்டதுதான், உன் அப்பா ஊர்வலம் ஊர்வலமாக நடந்து செருப்பைத் தேய்த்ததும் அதற்குத்தான். ஆனால் ஐப்பசிக்குப் பிறகு திருவனந்தபுரத்துக்கு நாம் அடுத்த ராஜ்யத்துக்காரர்கள். மதராஸிலோ உன்னை ஒரு குஞ்சுக்கும் தெரியாது. உன் ஆட்டத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் சேர்க்கிற கடைசி அணி இது. இதை விட்டால் உனக்கு இன்னொரு அழைப்பு வரும் என்று நான் நம்பவில்லை, நீயும் நம்பாதே.

முதலில் மறுவீட்டு விருந்தில் நடந்ததைப் பேசித் தீர்த்துவிடுவோம். உன் மாமனார் நல்ல மனிதர். புதுக்கடைச் சந்தியில் பலசரக்குக் கடை வைத்துக்கொண்டு, எங்கே கூடைப்பந்து ஆடினாலும் கடையை அடைத்துவிட்டுப் பார்க்கப் போகிறவர் ஊருக்கு ஒருவர் இருந்தால் அதிகம். அன்றைக்குப் பந்தியில் பாயசத்தில் பப்படத்தை நொறுக்கிப் போட்டுப் பிசைந்துகொண்டே, எதிர் வரிசையில் செல்லம்மை உட்கார்ந்திருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். அவ்வளவுதான். "இவ்வோ ஆட்டத்த நான் நாகர்கோயில்ல மரத்துல ஏறி நின்னு பாத்தவனாக்கும்! மொத்த டீமும் போட்டது பத்து. பத்துல எட்டு இவ்வோ கை! இப்பம் உள்ள பிள்ளைய இருவது முப்பதுன்னு கொட்டுகு. ஆனா ஒருத்தி பேராவது நிக்குதா?" என்றவர் உன் பக்கம் திரும்பி, "மருமவளே, நீ எத்தன போட்டே?" என்றார். நீ இலையைப் பார்த்துக்கொண்டு "பதினொண்ணு மாமா" என்றாய். "ஒரு ஆட்டத்துலயா?" என்று அவர் வாயைப் பிளந்தார். "இல்ல மாமா, மொத்தத்துல." பந்தியே சிரித்தது. அவரும் சிரித்தார், கள்ளமில்லாமல்தான் சிரித்தார். நீயும் சிரித்தாய். ஆனால் அடுத்த கவளத்தை நீ எடுக்கவில்லை, நான் பார்த்தேன்.

அந்தச் சிரிப்பில் செல்லம்மை சொன்னது உன் காதில் விழுந்திருக்காது. "நீங்க ஒண்ணு அண்ணாச்சி, அன்னைக்கு வளையத்துப் பக்கம் போகதுக்கே ரெண்டு பேருக்குத்தான் அனுமதி. நான் போடாம பின்ன ஆரு போடுவா?" என்றாள் அவள். அவள் சொன்னது தன்னடக்கம் இல்லை, சட்டம். எங்கள் காலத்தில் பெண்களுக்கான களத்தைக் குறுக்கே கோடு போட்டு மூன்று கட்டமாகப் பிரித்திருப்பார்கள். முன் கட்டத்தில் இருவர். அவர்கள்தான் கூடை போடலாம். நடுக் கட்டத்தில் இருவர். பந்தை வாங்கி முன்னே அனுப்ப வேண்டும். பின் கட்டத்தில் இருவர். எதிராளியைத் தடுக்க வேண்டும். யாரும் தன் கட்டத்தைத் தாண்டக் கூடாது. பந்தைத் தரையில் ஒரு தட்டுக்கு மேல் தட்டக் கூடாது. அடுத்தவள் கையிலிருந்து பிடுங்கக் கூடாது. ஒவ்வொரு கூடை விழுந்ததும் ஆட்டம் நின்று, பந்து நடுவுக்கு வந்து, இரண்டு பேர் எம்பித் தட்டி மறுபடி தொடங்க வேண்டும். பாதி நேரம் பந்து நடுவுக்கு நடப்பதிலேயே போய்விடும். பெண்கள் ஓடினால் உடம்புக்கு ஆகாது என்று யாரோ எங்கேயோ முடிவு கட்டியிருந்தார்கள். வயலில் நாற்றுக் கட்டைச் சுமந்துகொண்டு வரப்பில் ஓடும் பெண்களை அவர்கள் பார்த்ததில்லை போலிருக்கிறது.

உன் காலத்திலோ ஐந்து பேரும் களம் முழுக்க ஓடலாம், ஐந்து பேரும் கூடை போடலாம், விழுந்த பந்தை எடுத்து அடுத்த நொடியே ஆடலாம். அப்படியிருக்க, பத்தில் எட்டு பெரிதா, முப்பதில் நாலு பெரிதா என்று கேட்பது, ஒரு வீட்டு நெல்லை மரக்காலாலும் இன்னொரு வீட்டு நெல்லை நாழியாலும் அளந்துவிட்டு எண்ணிக்கையை மட்டும் ஒப்பிடுவது மாதிரி. கணக்கு வாத்திச்சி மகள் நீ, இதில் போய் ஏமாந்தாயே. செல்லம்மையை நான் குறைத்துச் சொல்லவில்லை. மழையில் ஊறிக் கல்லாய்க் கனத்த பந்தை, தைத்த வார் விரலைக் கிழிக்க, இரண்டு கையாலும் இடுப்புக்குக் கீழிருந்து வீசிப் போடுவாள். அவளோடு அதே கட்டத்தில் நின்ற இன்னொருத்தியால் அதில் கால்வாசிதான் முடிந்தது. அதுதான் அவள் பெருமை, எட்டு என்கிற எண் இல்லை. உன் களத்தில் அவளை விட்டிருந்தால் பாதி ஆட்டத்தில் மூச்சு வாங்கியிருப்பாள். எங்கள் கட்டத்தில் உன்னை அடைத்திருந்தால் உன் காலுக்கு வேலையே இருந்திருக்காது. காலம் விட்டுக் காலம் ஒருத்தியை அளக்க வேண்டுமானால் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: அதே வருஷத்தில், அதே சட்டத்தில், அதே இடத்தில் நின்ற மற்றவர்களால் முடியாத எது அவளால் முடிந்தது?

உன் மாமனார் மரத்தில் ஏறிப் பார்த்த அந்த ஆட்டத்தில் நானும் இருந்தேன். விருந்தன்று சொல்லவில்லை, சம்பந்தி முறைக்கு அடக்கம் வேண்டுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். போன வாரம் அவர் நெல் விஷயமாக இங்கே வந்தபோது சொன்னேன். "நீங்களா? நீங்க எங்க நின்னிய?" என்று கேட்டார். "பின் கட்டத்துல, நம்ம வளையத்துக்கு அடியில. நீங்க ஏறின மரம் செல்லம்மை நின்ன அந்தப் பக்கமாக்கும்" என்றேன். மனுஷன் வெகு நேரம் காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தார். மூன்று வருஷம் ஆடினேன் மகளே, ஒரு கூடைகூட என் பெயரில் இல்லை. போட எனக்கு அனுமதியே இல்லை. ஆட்டப் புத்தகத்தில் என் பெயருக்கு நேரே மூன்று வருஷமும் ஒரு கோடு இழுத்திருக்கும். எதிராளி அன்றைக்கு மூன்றுதான் போட்டார்கள் என்பது யார் பெயரிலும் எழுதப்படவில்லை.

இனி நான் உனக்குச் சொல்ல வேண்டியது. இதை நேரில் சொல்லத் தைரியம் இல்லாமல்தான் எழுதுகிறேன்.

சுதந்திரம் வந்த வருஷம் உனக்குப் பன்னிரண்டு வயது. கன்னிப்பூ நெல் அறுப்பு முடிந்து போரடிக்கும் களம் காலியானதும், அடி போன ஒரு பனையோலைக் கடவப் பெட்டியைத் தென்னையில் கட்டி, உனக்கு ஆட்டம் சொல்லித்தர ஆரம்பித்தேன். எனக்குத் தெரிந்தது எங்கள் காலத்து ஆட்டம்தானே. சுண்ணாம்பால் இரண்டு கோடு போட்டேன். உன்னைப் பின் கட்டத்தில் நிறுத்தினேன், நான் நின்ற இடத்தில். எதிராளியின் இடுப்பைப் பார், கண்ணைப் பார்க்காதே. கண் பொய் சொல்லும், இடுப்பு சொல்லாது என்றேன். அதெல்லாம் நல்ல பாடம். ஆனால் பந்து கையில் கிடைத்த சந்தோஷத்தில் நீ கோட்டைத் தாண்டி ஓடும்போதெல்லாம் "ஏட்டி, கோடு!" என்று கத்துவேன். தாண்டினால் பத்துத் தோப்புக்கரணம். நாலு வருஷம் இப்படி. பிறகு பிறகு நான் வாயைத் திறந்தாலே போதும், உன் கால் கோட்டில் வந்து ஆணி அடித்தது போல் நிற்கும். அதைப் பார்த்து எனக்குப் பெருமை வேறு.

நீ பள்ளி இறுதிக்கு வந்த வருஷம் திருவனந்தபுரத்தில் போட்டி. சட்டம் மாறிவிட்டது, களம் முழுக்க ஓடலாம் என்று உங்கள் டீச்சர் இரண்டு மாதமாகத்தான் பழக்கியிருந்தார்கள். நானும் கூட வந்தேன். ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம்தான் இருந்தது, நீங்கள் ஒரு புள்ளி பின்னால். அந்த நெட்டைப் பெண் ஏலியாம்மா கையிலிருந்து நீ பந்தைத் தட்டிப் பறித்தாய். உனக்கும் வளையத்துக்கும் நடுவே ஒரு ஈ காக்கை இல்லை. நீ ஓடினாய். கூட்டம் முழுக்க எழுந்து நின்று கத்தியது. நீ பாதிக் களத்துக்கு வந்தாய். சட்டென்று நின்றாய். நின்று, பந்தை யாருக்கோ எறிந்தாய். அது எதிராளி கைக்குப் போயிற்று. தோற்றுவிட்டீர்கள்.

நீ ஏன் நின்றாய் என்று ஊர் முழுக்கக் கேட்டது. பயந்துவிட்டாள் என்றார்கள், பெரிய கூட்டத்தைப் பார்த்து மலைத்துவிட்டாள் என்றார்கள். பஸ்ஸில் திரும்பும்போது டீச்சர் உன்னை எல்லோர் முன்னாலும் திட்டினார்கள். நீ "கால் என்னமோ நின்னு போச்சு டீச்சர்" என்றாய். நான் பக்கத்து இருக்கையில் இருந்தேன். "நானும் அதைத்தான் கேக்கேன், ஏன் நின்னே?" என்றேன் உன்னிடம்.

மகளே, உன் கால் தானாக நிற்கவில்லை. அத்தனை கூச்சலுக்கு நடுவே, நீ ஓடுவதைப் பார்த்த பரபரப்பில், நாலு வருஷத்துப் பழக்கத்தில், என் வாய் தானாகக் கத்தியது: "ஏட்டி, கோடு!" சட்டம் மாறியது எனக்குத் தெரியும். தெரிந்தும் கத்தினேன். சுற்றி நின்றவர்களுக்கு அது என்னவென்று புரியவில்லை. நீ கேட்டாயா இல்லையா என்று இன்றுவரை நான் உன்னிடம் கேட்டதில்லை. கேட்டிருப்பாய் என்றுதான் நினைக்கிறேன். கேட்டும் என்னைக் காட்டிக்கொடுக்காமல் காலின் மேல் பழியைப் போட்டாய். பதினாறு வயதுப் பெண்ணுக்கு இருந்த நெஞ்சு எனக்கு இல்லை. அந்த பஸ்ஸில் நான் எழுந்து "தப்பு என்னுது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். நாகர்கோவில் வருவதற்குள் எத்தனையோ நிறுத்தம் வந்தது, நான் வாயைத் திறக்கவில்லை. இந்தக் கடிதத்தை யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். உன் மாமனாரிடமும் காட்டு, அந்த டீச்சருக்கும் நான் எழுதிவிட்டேன்.

அன்றைக்குப் பிறகு நீ வளையத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டாய். கல்லூரியில் ஆடிய நாலு வருஷமும் பந்து கையில் வந்தால், அது சுடுகிற மாதிரி அடுத்தவளிடம் தள்ளிவிடுவாய். ஆகவே உன் பதினோரு கூடைக்கும் நானே பொறுப்பு. நீ எதிராளியைத் தடுப்பதில் மட்டும் நின்றாய், நின்ற இடத்தில் யாரையும் விடவில்லை. நான் லீவு போட்டு வந்து பார்த்த ஆட்டங்களில் உன் கூடைகளை எண்ணவில்லை. எதிரே நிற்பவளுடையதை எண்ணினேன். ஏலியாம்மா மற்றக் கல்லூரிகளோடு ஆடும்போது ஏழு, எட்டு என்று போடுவாள். நீ எதிரே நின்ற நாட்களில் மூன்றுக்கு மேல் போனதில்லை. இதை உன்னிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால், சரி, நான் ஏன் போடுவதில்லை என்று நீ கேட்பாய். அதற்குப் பதில் சொல்ல எனக்கு வாய் இல்லை. என் வெட்கத்தை மறைக்க உன் பெருமையையும் சேர்த்து மறைத்துவிட்டேன். பெற்றவர்கள் செய்கிற அநியாயங்களில் இது ஒரு வகை. நாளைக்கு உனக்கும் பிள்ளை பிறக்கும். தப்பு செய்தால் அன்றைக்கே சொல்லிவிடு. ஆறப்போட்டால் பிள்ளை அதைத் தன் குணம் என்று நினைத்துக்கொள்ளும்.

சரி, அழைப்பு பெயர் மாறி வந்ததா இல்லையா? ஊகம் எதற்கு என்று திங்கட்கிழமை நானே பஸ் ஏறித் திருவனந்தபுரம் போய்விட்டேன். திரும்பும்போது மார்த்தாண்டத்தில் இறங்கியிருந்தால் புதுக்கடை பக்கம்தான். இறங்கவில்லை. உன் முகத்தைப் பார்த்தால் மேலே எழுதியதைச் சொல்லாமல் பலகாரத்தைக் கொடுத்துவிட்டு வந்திருப்பேன், என்னை எனக்குத் தெரியும்.

தேர்வு செய்கிறவர்களில் ஓர் அம்மாள் இருக்கிறார்கள். நரைத்த தலை, கழுத்தில் விசில், மலையாளத்தில் படபடவென்று பேசுகிறவர்கள். நான் நாகர்கோவிலிலிருந்து வருகிறேன், இன்னாருடைய அம்மா, என் மகள் அழைப்பு தவறாக வந்ததென்று நினைக்கிறாள் என்றேன். அவர்கள் சிரித்தார்கள். கூடை போடுகிறவர்களைத் தேர்ந்தெடுக்க ஆட்டப் புத்தகம் போதும், ஐந்து பேரைப் பத்து நிமிஷத்தில் எடுத்துவிட்டோம் என்றார்கள். தடுக்கிறவர்களுக்குத்தான் புத்தகம் கிடையாது, ஒரு மாதமாகச் சண்டை போட்டோம் என்றார்கள். கடைசியில் அந்த அம்மாள் ஒரு காரியம் செய்திருக்கிறார்கள். எடுத்த ஐந்து பெண்களையும் தனித்தனியே கூப்பிட்டு, ஆளுக்கு ஒரு துண்டுக் காகிதம் கொடுத்து, "இதுவரை ஆடியதில், எவள் எதிரே நின்றால் உனக்கு ஆடவே பிடிக்காது? ஒரே ஒரு பெயர் எழுது" என்று கேட்டிருக்கிறார்கள். சொல்லிக்கொண்டே மேஜை இழுப்பறையிலிருந்து அந்தத் துண்டுகளை எடுத்து என் முன்னால் பரப்பினார்கள்.

நாலு துண்டில் உன் பெயர் இருந்தது. மூன்று மலையாளத்தில், ஒன்று இங்கிலீஷில். ஏலியாம்மா உன் பெயரை எழுதி அடியில் இரண்டு கோடு இழுத்திருக்கிறாள். ஐந்தாவதை நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். அதில் பெயர் இல்லை. "பெயர் தெரியாது. இரட்டைப் பின்னலை மடித்துக் கட்டிய நாகர்கோவில் பெண்" என்று எழுதியிருந்தது. அந்த அம்மாள் முன்னாலேயே நான் அழுதுவிட்டேன். அவர்கள் கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றித் தந்தார்கள்.

முகாம் அடுத்த வாரம் வியாழக்கிழமை தொடங்குகிறது. புதன்கிழமை காலை முதல் பஸ்ஸில் நான் புதுக்கடை வருவேன். பெட்டியைக் கட்டி வை. மாமியாரிடம் நான் பேசிக்கொள்கிறேன். உன் மாமனாரைப் பற்றிக் கவலைப்படாதே, அவர் கடையை அடைத்துவிட்டு உனக்கு முன்னால் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருப்பார். ஆட்டத்தில் வளையம் முன்னால் வந்தால் கூடையையும் போடு. எவர் குரல் கேட்டாலும் நிற்காதே, அது என் குரலாக இருந்தாலும். ஆனால் அங்கே போனதும் உனக்கு முதல் வேலை ஒன்று இருக்கிறது. அந்த ஐந்தாவது பெண் யார் என்று கண்டுபிடித்து, அவளிடம் உன் பெயரைச் சொல்.